ஒரு சுண்டு மயிர்க்கலம்

மார்கழியில் எங்கள் பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கி விடியற்காலை நாலரைக்கே தொடங்கிவிடும். திருவெம்பாவைக் காலம். திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு அந்தப் பத்து நாளும் அலாரம் தேவையில்லை. இரண்டு வருடத்துக்கு முந்திய மார்கழியில் ஒருநாள் விழித்தபோது பாட்டைக் காணோம். மழைக்குக் கரண்ட் போயிருக்கும் என்று நினைத்து மறுபக்கம் புரண்டேன். பாட்டு வந்தது. பழைய பக்கம் புரண்டேன். பாட்டு போனது.

இதையே மூன்று தரம் செய்து பார்த்தேன், புது ரேடியோ கிடைத்த பிள்ளை மாதிரி. வலக்காது தலையணையில் புதைந்தால் ஊர் அடங்கிப்போகிறது. இடக்காது புதைந்தால் மாணிக்கவாசகர், மழை, பக்கத்து வீட்டுச் சேவல் எல்லாம் வழமைபோல. இடக்காதில் மட்டும் தூரத்துக் கடல் போல ஓர் இரைச்சல். எங்கள் வீட்டிலிருந்து கடல் நடக்கும் தூரம் என்பதால் அது உண்மையான கடல்தானோ என்றுகூடக் கொஞ்ச நேரம் குழம்பினேன்.

"நேற்றுத் தலை முழுகினீங்கள்தானே, தண்ணி போயிருக்கும்" என்றாள் மனைவி. மாமி உள்ளி தட்டிப்போட்டு நல்லெண்ணெய் காய்ச்சினார். அன்று பின்னேரம் டவுனில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனேன். அங்கிருந்த டொக்டர் காதுக்குள் லைட் அடித்து, ஒரு மூச்சு விடுகிற நேரம் பார்த்துவிட்டு, "குறும்பி இருக்கு, சளியும் சேர்ந்து அடைச்சிருக்கு" என்றார். சொட்டு மருந்தும் சளிக்குளிசையும் தந்து ஒரு கிழமையால் வரச் சொன்னார். அவரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. திட்டாமல் எழுதவும் முடியவில்லை. அந்த லைட்டுக்குப் பக்கத்தில், தட்டினால் ரீங்கரிக்கும் ஓர் இசைக்கவையும் கிடந்திருக்கலாம். ஒரு நிமிடம் செலவழித்திருக்கலாம். அப்படித்தான் ஐந்து நாள் போனது.

ஐந்தாம் நாள் இரவு என்னிடம் படித்த பையன் ஒருவன் போன் எடுத்தான். இப்போது வேறு மாவட்டத்தில் டொக்டராக இருக்கிறான். தங்கச்சியின் ரியூசன் விசயமாகக் கதைக்க எடுத்தவன், "என்ன சேர், போனைக் கை மாத்தி மாத்திப் பிடிக்கிறீங்கள்?" என்று கேட்டான். சொன்னேன்.

"சேர், ஒருக்கா வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' எண்டு முனகுங்கோ. சத்தம் எந்தக் காதுக்குப் போகுது?"

குசினியில் நின்று முனகினேன். சத்தம் வலப்பக்கம், நல்ல காதுக்குப் போனது.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இது அடைப்பில்லை சேர். அடைப்பெண்டால் அடைச்ச பக்கம்தான் சத்தம் போகும். நாளைக்குக் காலமையே ஈ.என்.டி. நிபுணரைப் பாருங்கோ. ஒரு நாளும் பிந்தாதீங்கோ" என்றான்.

வாசிப்பவர்கள் இப்போதே செய்து பார்க்கலாம். ஒரு காதை விரலால் பொத்திக்கொண்டு முனகுங்கள். சத்தம் பொத்திய காதுக்குள் பெரிதாகக் கேட்கும். முனகல் மண்டையோட்டு எலும்பு வழியாக இரண்டு உட்காதுகளுக்கும் ஒரே அளவில்தான் போகிறது. அடைபட்ட காதுக்கு வெளிச்சத்தம் வராது, உள்ளே வந்த சத்தமும் வெளியே தப்பாது. அதனால் அந்தப் பக்கம் ஓங்கிக் கேட்கும். உட்காதே பழுதாகியிருந்தால் கதை தலைகீழ்: சத்தம் நல்ல பக்கத்துக்கு ஓடிவிடும். வெபர் சோதனை என்று இசைக்கவையை நெற்றியில் வைத்துச் செய்வதும் இதைத்தான். நான் பதினாலு வருடமாக உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவன். காதின் குறுக்குமுகப் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பலகையில் கீறுவேன். இந்தச் சோதனை எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அடுத்த நாள் நிபுணர் 512 ஹேர்ட்ஸ் கவையைத் தன் முழங்கையில் தட்டி என் நெற்றியில் வைத்தார். குளிர்ந்த உலோகம், வலப்பக்கம் ரீங்காரம். அப்புறம் சத்தம் புகாத ஒரு சின்னப் பெட்டி அறை, ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். இடக்காதைச் சோதிக்கும்போது வலக்காதுக்குள் மழை போன்ற ஓர் ஓசையை ஓடவிட்டார்கள், நல்ல காது களவாகக் கேட்டு உதவி செய்யாமலிருக்க. பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வையாளர் நிற்பதுபோல. வரைபடம் வந்தது. வலக்காது சிவப்பு வட்டங்கள், மேலே வரிசையாக. இடக்காது நீலப் பெருக்கல் குறிகள், கீழே கிணற்றுக்குள் விழுந்த மாதிரி.

மூன்று நாளுக்குள், அடுத்தடுத்த மூன்று அதிர்வெண்களில், 30 டெசிபெல்லுக்குக் குறையாமல், உட்காதின் பழுதால் கேள்வி, அதாவது கேட்கும் திறன், இறங்கினால் அதற்குத் திடீர்ச் செவிட்டுத்தன்மை என்று பெயர். பெரும்பாலானவர்களுக்குக் காரணம் கண்டுபிடிபடாது. தந்த மருந்து பிரட்னிசொலோன், ஸ்டீரொயிட். உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு 1 மில்லிகிராம், உச்சம் 60. என் நிறைக்கு 60 வந்தது. கடையில் 5 மில்லிகிராம் குளிசைதான் இருந்தது. ஆகவே காலையில் பாண் சாப்பிட்ட பிறகு 12 வெள்ளைக் குளிசைகளை உள்ளங்கையில் எண்ணி வைத்து, இரண்டு இரண்டாக விழுங்குவேன்.

அந்தக் குளிசைகளை எண்ணும்போதுதான் ஆசிரியருக்கு வர வேண்டிய கேள்வி வந்தது. ஸ்டீரொயிட் என்ன செய்யும்? நிர்ப்பீடனத்தை அடக்கும். (தமிழ்நாட்டு நண்பர்கள் நோயெதிர்ப்பு என்கிறார்கள், எங்கள் பாடப்புத்தகத்தில் நிர்ப்பீடனம். எனக்கு அதுதான் வாயில் வருகிறது.) வைரஸோ வேறெதுவோ காதுக்குள் புகுந்துவிட்டது என்று சந்தேகம் இருக்கும்போது காவல்காரனைக் கட்டிப்போடுவது என்ன வைத்தியம்?

ஸ்டீரொயிட் குடித்தால் நித்திரை வராது. பசி மட்டும் வரும். அதிகாலை மூன்று மணிக்கு எழும்பி, எஞ்சிய பாணில் சம்பல் தடவிச் சாப்பிட்டுக்கொண்டு போனில் வாசித்தேன். இரண்டு கிழமை அப்படிப் போனது. வாசித்ததில் என்னைப் பிடித்துக்கொண்டது ஒரே ஒரு எண்.

காதின் நத்தைச்சுருள் ஒரு கடலை அளவுதான். சுருளை நீட்டினால் ஏறத்தாழ 35 மில்லிமீற்றர். அதற்குள் நீளமாக ஓடும் மேடைக்கு, 1851இல் அதை விவரித்த இத்தாலியர் அல்ஃபொன்சோ கோர்ட்டியின் பெயர். மேடையில், சத்தத்தின் அதிர்வை நரம்புக்குச் சொல்லும் மயிர்க்கலங்கள் வரிசையாக நிற்கின்றன: உள்வரிசையில் சுமார் 3,500, வெளிவரிசைகளில் சுமார் 12,000. ஆக ஒரு காதுக்குப் பதினையாயிரம் சொச்சம். கண்ணின் விழித்திரையில் கோல்கலங்கள் மட்டும் 12 கோடி. நாக்கின் சுவைக்கலங்கள் ஒன்றிரண்டு கிழமைக்கு ஒருமுறை புதிதாக முளைக்கின்றன. மயிர்க்கலங்களோ கருவிலேயே எண்ணிக் கொடுக்கப்பட்டவை. போனால் போனதுதான்.

எங்கள் வீட்டு அரிசி வாளிக்குள் அரிசி அளக்க ஒரு பழைய டின்பால் பேணிச் சுண்டு கிடக்கிறது. ஒரு சுண்டு சம்பாவில் மணிகள் கிட்டத்தட்ட அவ்வளவுதான் வரும். ஒரு காது வாழ்நாள் முழுக்கக் கேட்பதற்கான முதல் அவ்வளவுதான். அன்றிலிருந்து மாமி அரிசி களையும்போது தண்ணீரோடு நாலு மணி ஓடினால் என் கண் அங்கே போய்விடுகிறது.

இந்த ஒரு சுண்டை யார் காவல் காக்கிறார்கள்?

வெளி அரண் சொல்லத் தேவையில்லாத அளவுக்குப் பெரிது. காதைச் சூழ்ந்த பாறைபோன்ற எலும்புதான் உடம்பிலேயே அடர்த்தி கூடியது. ஆயிரக்கணக்கான வருடத்துக்கு முந்திய மனிதரின் டி.என்.ஏ. எடுக்க ஆராய்ச்சியாளர்கள் முதலில் தேடுவது அந்த எலும்பைத்தான். பிரெடெரிக் கோட்டைக்குள் நடந்து கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு இப்படி ஓர் அரண் என்னவென்று தெரியும். மூன்று பக்கம் கடல், ஒரு பக்கம் வாசல். ஆனால் கோட்டைக்கும் சாப்பாடு உள்ளே போக வேண்டும். நத்தைச்சுருளுக்கு அது குருதி. அந்தக் குருதிக்குழாய்கள் மயிர்க்கலங்களின் பக்கத்தில் ஓடுவதில்லை. சற்றுத் தள்ளி, சுருளின் வெளிச்சுவரில் ஓடுகின்றன. பக்கத்தில் ஓடினால் நம் நாடித்துடிப்பே நமக்கு மேளம் அடித்துக்கொண்டிருக்கும். மிக மெல்லிய சத்தத்துக்கு மயிர்க்கலத்தின் முனை அசையும் தூரம் ஒரு நானோமீற்றரிலும் குறைவு. அப்படிப்பட்ட இடத்தில் குருதி ஓட முடியுமா?

வெளிச்சுவரின் குழாய்களுக்கு இறுக்கமான ஒரு மதில் உண்டு. குருதியில் உள்ளதெல்லாம் காதுக்குள் கசிய முடியாது. மூளைக்கு இருக்கும் மதிலின் தம்பி என்று சொல்லலாம். அந்தக் குழாய்களைக் கட்டிப் பிடித்தபடி, கருநிறத் துகள்களைச் சுமந்துகொண்டு ஒருவகைத் தின்குழியங்கள் இருக்கின்றன. நான் வகுப்பில் தின்குழியம் என்றால் கிருமியைத் தின்னும் கலம் என்று ஒரு வரியில் முடித்துவிடுவேன். இவை செய்யும் வேலை வேறு: மதிலைப் பூசி மெழுகுவது. இவற்றை இல்லாமற் செய்த எலிகளில் மதில் கசிந்தது, காதுக்குள் இருக்கும் 80 மில்லிவோல்ட் மின்னழுத்தம் இறங்கியது, கேள்வி குறைந்தது. காவல்காரன் என்று நினைத்தவன் மேசனாக இருந்திருக்கிறான்.

நெடுங்காலம் வைத்தியம் நம்பியது, உட்காது மதிலுக்குள் அடைபட்ட இடம், நிர்ப்பீடனம் அங்கே எட்டிப் பார்க்காது என்று. 1979இல் அமெரிக்காவின் அயோவாவில் பிரையன் மக்கேப் என்ற காது வைத்தியர் 18 நோயாளிகளைப் பற்றி எழுதினார். இரண்டு காதும் கிழமைக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்ல மெல்ல மங்கியவர்கள். நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்து கொடுத்தபோது அவர்களின் கேள்வி மேம்பட்டது. எட்டிப் பார்க்காத ஒருவரை அடக்கினால் எப்படிச் சுகம் வரும்? ஆக, அவர் உள்ளே இருக்கிறார். தன் வீட்டையே தாக்கவும் தொடங்கியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் உட்காதின் பின்பக்கம் தொங்கும் ஒரு சின்னப் பையை ஊன்றிப் பார்த்தார்கள். நிர்ப்பீடனத்தின் நிணநீர்க்குழியங்கள் அங்கேதான் கூடுகின்றன. விலங்குகளில் அந்தப் பையை அழித்துவிட்டு அன்னியப் புரதத்தைச் செலுத்தியபோது காதின் எதிர்வினை குறைந்தது. கோட்டை வாசலிலிருந்து எட்ட வைத்த காவற்கொட்டில் மாதிரி.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நிர்ப்பீடனப் பாடத்தை எல்லோரையும்போல நானும் படை உவமையோடுதான் படிப்பித்து வந்தேன். எதிரி, படையணி, ஆயுதம், நினைவில் வைத்துத் திருப்பித் தாக்குதல். பிள்ளைகளுக்கு மனதில் நிற்கும், புள்ளியும் வரும். ஆனால் வீட்டுக்குள் சண்டை நடந்தால், வென்றது யாராக இருந்தாலும், வீட்டில் என்ன மிஞ்சும் என்று திருகோணமலையில் யாரும் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. தோலில் சண்டை நடக்கலாம். புண் ஆறும், தோல் முளைக்கும். ஒரு சுண்டு அரிசிக்குள் சண்டை பிடிக்க முடியாது. உட்காதின் காவலை நான் வாசிக்க வாசிக்க, அதில் பாதி அடிக்காமல் இருப்பதற்கான ஏற்பாடாகவே தெரிந்தது.

பெரிய சத்தத்தால் காது பழுதாகும்போது சில நாட்களுக்குள் குருதியிலிருந்து வெண்குழியங்கள் சுருளுக்குள் இறங்குகின்றன. எங்கள் கடற்கரையில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். மீனுக்கு டைனமைட் வெடி அடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், சட்டம் தடுத்தாலும். வந்து இறங்கும் குழியங்களில் பெரும்பாலானவை மயிர்க்கலம் நிற்கும் மேடைக்கு மேலே ஏறுவதில்லை. மேடைக்குக் கீழேயும் சுவரோரமும் நரம்புக்கலங்களுக்கிடையிலும் நின்றுவிடுகின்றன.

அப்படியானால் மேடையில் செத்துப்போன மயிர்க்கலத்தை யார் எடுப்பது? பக்கத்து வீட்டுக்காரர். ஒவ்வொரு மயிர்க்கலத்தையும் சுற்றித் தாங்கு கலங்கள் நிற்கின்றன. பாடப்புத்தகத்தில் அவற்றுக்குப் பெயரைத் தவிர வேறொன்றும் இல்லை; நானும் பெயரைக் குறித்துவிட்டுப் போய்விடுவேன். மயிர்க்கலம் சாகத் தொடங்கியதும் இந்த அயலவர்கள் விரிந்து வந்து, அதன் கழுத்தை நெருக்கி, இடைவெளியை மூடி, மீதியை விழுங்கிவிடுகிறார்கள். அவசரத்துக்குக் காரணம் உண்டு. மேடைக்கு மேலே நிற்கும் திரவத்தில் பொற்றாசியம் அதிகம். அது ஓட்டை வழியாகக் கீழே இறங்கினால் பக்கத்தில் நிற்கிற கலங்களும் சாகும். வள்ளத்தில் பலகை விட்டால் முதலில் யார் பிழை என்று பார்ப்பதில்லையே, கையில் கிடைத்ததை வைத்து அடைப்பார்கள். அதுதான் நடக்கிறது. அடைத்த இடம் தழும்பாகிவிடும். அந்தத் தழும்பு கேட்காது, ஆனால் ஒழுகாது.

இந்த அயலவர்கள் மரணச்சடங்குக்கு மட்டும் வருகிறவர்கள் அல்லர். வெப்ப அதிர்ச்சிப் புரதம் என்று ஒன்று உண்டு. கலங்களுக்குள் மற்றப் புரதங்கள் குலைந்துபோகாமல் தாங்கிப் பிடிப்பது அதன் வேலை. நெருக்கடி வரும்போது தாங்கு கலங்கள் அதைச் சுரந்து வெளியே விடுகின்றன. பக்கத்து மயிர்க்கலம் அதனால் பிழைத்துக்கொள்கிறது. 2013இல் வெளியான ஆய்வு இது. அதற்கும் முன்னால், 1999இல், எலிகளைக் கொஞ்ச நேரம் உடல் சூடேற வைத்துவிட்டுப் பெருஞ்சத்தத்துக்கு உட்படுத்தியபோது அவற்றின் காது குறைவாகவே பழுதாகியது. இதை வீட்டில் வாசித்துக் காட்டினேன். மாமி உடனே, "அப்ப கன்னியாவில போய் ஏழு சுடுதண்ணிக் கிணத்திலயும் குளிச்சிட்டு வாங்கோ" என்றார். மாமி, அது சத்தத்துக்கு முன்னால் செய்ய வேண்டியது, அதுவும் எலிக்கு என்று சொல்லிப் பார்த்தேன். இருந்தாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்க் குளித்துவிட்டுத்தான் வந்தோம். காதுக்கு ஒன்றும் நடக்கவில்லை. நாரிப்பிடிப்பு விட்டது.

தின்குழியங்களைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவை சும்மா நிற்கவில்லை. மயிர்க்கலம் செத்தால் அதனோடு பேசிக்கொண்டிருந்த நரம்புக்கலம் வேலை இல்லாமல் நிற்கும். காலப்போக்கில் அதுவும் சாகும். நரம்புக்கலங்கள் வெளியிடும் பிராக்டல்கைன் என்ற மூலக்கூற்றைத் தின்குழியங்கள் தங்கள் மேலுள்ள வாங்கி என்ற உணரியால் உணர்ந்து அவற்றிடம் வருகின்றன. அந்த வாங்கி இல்லாமல் வளர்த்த எலிகளில், மயிர்க்கலங்கள் அழிந்த பின் வந்த தின்குழியங்கள் குறைவு. இறந்த நரம்புக்கலங்கள் அதிகம். அதாவது வந்தவர்கள் தின்பதற்கு வரவில்லை, தாங்குவதற்கு வந்திருக்கிறார்கள். செத்த வீட்டுக்குப் போய்ச் சும்மா இருந்துவிட்டு வருகிறோமே, அதனால் என்ன பயன் என்று இளந்தாரி வயதில் நினைப்பேன். சரி, அதை விடுவோம்.

வைரஸ் வந்தால்? இங்கேதான் என் பெரியப்பா வருகிறார். சிறுவயதில் அவருக்குக் கூகைக்கட்டு. தாடை வீங்கி, வேப்பிலை கட்டி, ஒரு கிழமையில் சுகம். ஆனால் வலக்காது போய்விட்டது. போனதே தெரியாமல் மூன்று நான்கு வருடம் இருந்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வலப்பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டார். திமிர் என்று அடி வாங்கியிருக்கிறார். கூகைக்கட்டு வைரஸ் செவிடாக்கினால் பெரும்பாலும் ஒரு காதைத்தான் எடுக்கும். ஏன் அப்படி என்று எனக்கு எவரும் திருப்தியாகச் சொல்லவில்லை.

மயிர்க்கலமும் தாங்கு கலமும் வைரஸைக் கண்டுகொள்ளும் உணரிகளைத் தாங்களே வைத்திருக்கின்றன. எலிகளின் சுருளில் வைரஸைத் தொற்றவிட்டபோது அந்த உணரிகள் கூடின. வைரஸ் வந்ததென்று அயல் கலங்களுக்குச் சொல்லும் இன்டர்பெரோன் எச்சரிக்கை எழுந்தது. வெளிக்காவல் வந்து சேரும்வரை காத்திருக்காமல் வீட்டுக்காரரே கதவைச் சாத்துகிற மாதிரி. இது எப்போதும் போதுமானதாக இருப்பதில்லை, பெரியப்பா அதற்குச் சாட்சி. இன்றைய பிள்ளைகளுக்கு அந்தச் சண்டையே வராமல் பார்த்துக்கொள்வது தடுப்பூசி. இலங்கையில் 2011இலிருந்து சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஊசி போடுகிறார்கள். 2020இல் சின்னமுத்தும் ருபெல்லாவும் நாட்டிலிருந்து ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தியது. கருவிலேயே ருபெல்லாவால் செவிடாகும் பிள்ளைகள் இனிப் பிறக்கத் தேவையில்லை என்பது அதன் பொருள். இந்த ஒரு செய்திக்கு நாங்கள் வெடி கொளுத்தியிருக்க வேண்டும். காதை நினைத்து, கொளுத்தாமல் விட்டதும் சரிதான்.

காவலே வீட்டைச் சாத்திவிடும் கதை ஒன்றும் உண்டு. வாசித்ததில் என்னை மிகவும் உலுக்கியது அது. மூளைக்காய்ச்சலில் பற்றீரியா மூளைத்திரவத்திலிருந்து ஒரு ஒடுங்கிய கால்வாய் வழியாக நத்தைச்சுருளுக்குள் இறங்கும். அழற்சி எழுந்து கிருமியை முடிக்கும். முடித்த பிறகும் அடங்காமல் சுருளின் குழியை நாரால் நிரப்பி, பின்னர் எலும்பாலேயே நிரப்பிவிடும். குழி அடைபட்டால் செயற்கைக்காதின் கம்பியைச் செலுத்த இடம் இராது. அதனால்தான் மூளைக்காய்ச்சலுக்குப் பின் செவிடான பிள்ளைக்குச் செயற்கைக்காது வைப்பதை மாதக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது என்கிறார்கள். கிருமி செத்துவிட்டது, காய்ச்சல் இறங்கிவிட்டது, பிள்ளை சிரிக்கிறது. உள்ளே மேசன்வேலை நடந்துகொண்டிருக்கிறது.

இதையெல்லாம் வாசித்த பிறகுதான் 12 குளிசைகள் ஓரளவு விளங்கின. காவல்காரனைக் கட்டிப்போடுவதல்ல, கையைத் தணிக்கச் சொல்வது. அதுவும் முழுக்கதை அல்ல. ஸ்டீரொயிட் வெளிச்சுவரில் சோடியம், பொற்றாசியம் இறைக்கும் வேலையையும் தொடுகிறது. காதில் சுகம் வந்தால் எந்த வழியால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. சிலருக்கு மருந்தே இல்லாமலும் திரும்பி வருகிறது. ஜெர்மனியில் அண்மையில் செய்த பெரிய சோதனையில் வழமையான அளவைவிடப் பலமடங்கு ஸ்டீரொயிட் கொடுத்துப் பார்த்தார்கள். கூடுதல் பயன் எதுவும் இல்லை. ஆனால் கொடுப்பதானால் முதல் இரண்டு கிழமைக்குள் கொடுக்க வேண்டும், முந்தினால் நல்லது என்பதில் வைத்தியர்கள் ஏறக்குறைய ஒரே பேச்சு. உள்ளியெண்ணெயிலும் குறும்பிச் சொட்டிலும் போன ஐந்து நாள் எனக்கு எதைச் செய்தது என்று கேட்டேன். நிபுணர் பேனாவை மூடிவிட்டு, "அதை யோசிச்சு நித்திரையைக் குழப்பாதீங்கோ" என்றார். நித்திரை எங்கே வருகிறது.

மூன்றாம் கிழமையில் நீலப் பெருக்கல் குறிகள் இடப்பக்கத்தில், தாழ்ந்த சுருதிகளில், மேலே ஏறின. உயர்ந்த சுருதிகள் கிணற்றுக்குள்ளேயே கிடந்தன. ஆண் குரல் வருகிறது. குருவி வராது. "ஸ"வும் "ச"வும் வராது. வகுப்பில் இடப்பக்க வாங்கில் இருக்கும் பிள்ளைகள் கேட்பது பாதிதான் எட்டும். மீண்டு வந்த பகுதியும் பழையபடி வரவில்லை. கோணேசர் கோயில் மணி ஒரு காதில் ஒரு சுருதி, மற்றக் காதில் அரைச்சுருதி தள்ளி. முதல் தரம் அதைக் கேட்டபோது இரண்டு மணி அடிக்கிறார்கள் என்று நினைத்து அண்ணாந்து பார்த்தேன்.

பக்கத்து வீட்டுச் சேவலைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக இருக்கும். 1980களின் பிற்பாதியில் கோழிக்குஞ்சுகளில் கண்டுபிடித்தார்கள்: பெருஞ்சத்தத்தால் மயிர்க்கலங்கள் அழிந்தாலும் சில கிழமைகளில் புதியவை முளைக்கின்றன. முளைப்பது எங்கிருந்து? அதே தாங்கு கலங்களிலிருந்து. சில இரண்டாகப் பிரிந்து, சில பிரியாமலே உருமாறி, செத்தவரின் இடத்தில் போய் நின்றுகொள்கின்றன. மீனுக்கும் அப்படித்தான். எங்களுக்கும் அதே அயலவர்கள் இருக்கிறார்கள், அடைக்கவும் விழுங்கவும் தெரிந்தவர்கள், முளைக்கத்தான் மறந்துவிட்டார்கள். ஒரு சாதாரண முட்டையிலிருந்து வந்த பிராணி, தன் காதைத் தானே திருத்திக்கொள்ளும் பிராணி, விடிய நாலு மணிக்கு என் ஒற்றைக்காதுக்குள் கூவுகிறது.

பின்னேரங்களில் பெரியப்பாவும் நானும் டச்சுக்குடாப் பக்கம் கடற்கரைக்கு நடந்துபோவோம். மான்கள் சில மரநிழலில் படுத்திருக்கும், கச்சான் பையைக் கண்டால் எழும்பி வரும். என் காது போன கதையைக் கேட்ட நாளிலிருந்து பெரியப்பா என்னை ஒரு புதிய மரியாதையோடு நடத்துகிறார், சங்கத்தில் சேர்ந்த புது அங்கத்தவரைப் போல. மதிலில் இருக்க முன்னால் என் தோளைப் பிடித்துத் தன் இடப்பக்கம் நகர்த்திவிடுவார். அறுபது வருடப் பழக்கம். அவருக்கு இல்லாதது வலது, எனக்கு இல்லாதது இடது. அப்படி இருந்தால் அவருடைய நல்ல காது என் பக்கம், என்னுடைய நல்ல காது அவர் பக்கம். கத்திப் பேசத் தேவையில்லை. கச்சான் கோது உடைகிற சத்தம்கூடக் கேட்கும்.

பிரச்சினை திரும்பும்போதுதான். வாகனத்துக்கு முகம் கொடுத்து ரோட்டின் வலக்கரையால் நடக்க வேண்டும், பிள்ளையை ரோட்டுப் பக்கம் விடக் கூடாது. இரண்டும் அவருடைய சட்டங்கள். எனக்கு நாற்பத்தாறு வயது என்பது அவருக்குப் பொருட்டில்லை. ஆகவே அவர் என் இடப்பக்கம் வந்துவிடுவார். இப்போது என் செத்த காது அவர் பக்கம், அவருடைய செத்த காது என் பக்கம். அவர் ஏதோ சொல்லிக்கொண்டு வருகிறார் என்பது வாயசைவில் தெரியும். நானும் ஏதோ சொல்லிக்கொண்டு வருவேன். மின்சார நிலைய வீதிச் சந்தி வரும்வரை இப்படியே நடப்போம். சந்தியில் நின்று, என் முகத்தைப் பார்த்துக் கேட்பார்:

"என்னடா சொன்னனீ?"